ஆள் எடுக்காமல் ஆட்குறைப்பு

அரசு ஊழியர் எண்ணிக்கையைக் குறைக்க ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஓய்வுபெறுகிறவரின் இடத்தைக் காலியாகவே விட்டுவைத்தால் போதும். நான்கைந்து ஆண்டுகளில் தானாகக் குறைந்துவிடும். இருக்கிற ஊழியருக்கு வேலை போகாததால் எதிர்ப்பும் குறைவு. நிதி நெருக்கடி என்றதும் அரசுகள் இந்த வழியை நாடுவதற்கு அதுதான் காரணம்.

2001 நவம்பர் 29 அன்று தமிழ்நாடு அரசு பிறப்பித்த அரசாணை 212 இதைத்தான் செய்தது. ஆசிரியர், மருத்துவர், காவலர் போன்ற சில பணிகள் தவிர மற்றவற்றுக்குப் புதிய நியமனம் நின்றது. மத்திய அரசும் அதே ஆண்டு மே மாதம், நேரடி நியமனத்தை அந்தந்த ஆண்டுக் காலியிடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்தச் சொல்லியிருந்தது.

இந்த முறையின் பெரிய கோளாறு, எந்த வேலை தேவையில்லை என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை என்பது. எந்த நாற்காலி காலியாகும் என்பதை அதில் இருப்பவரின் வயதுதான் முடிவு செய்கிறது. வேலையற்ற பிரிவில் ஆள் நிறைந்திருக்கலாம். கூட்டம் நிற்கும் பிரிவில் ஒரே எழுத்தர் இரண்டு மூன்று இருக்கைகளைக் ‘கூடுதல் பொறுப்பாக’ச் சுமந்துகொண்டிருப்பார். சான்றிதழுக்காக அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரும் பனியன் கம்பெனித் தொழிலாளிதான் அதன் விலையைக் கொடுக்கிறார். அந்தச் செலவு எந்த பட்ஜெட்டிலும் வராது.

விலக்குப் பெற்ற ஆசிரியர் பணியிலும் சிக்கனம் வேறு வழியில் நுழைந்தது. 2003 முதல் நியமிக்கப்பட்டவர்களுக்குத் தொகுப்பூதியம்தான். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாய். 2006 ஜூனில்தான் அவர்கள் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். மற்றப் பணிகளுக்கான நியமனத் தடை அந்த ஆண்டு பிப்ரவரியில் நீங்கியது. அதற்குள் எத்தனையோ இளைஞர்கள் தேர்வு எழுதும் வயதையே கடந்திருந்தார்கள். பின்னர் வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு தர வேண்டியதாயிற்று.

திருப்பூரின் வேலம்பாளையத்தில் இன்று இதன் வடிவம் வேறு. தனி நகராட்சியாக இருந்த 15 வேலம்பாளையம் 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தது. அக்டோபர் 2022இல் வந்த அரசாணை 152, மாநகராட்சிகளின் பணியிடங்களை மாற்றியமைத்து, தூய்மைப் பணி போன்ற கீழ்நிலை வேலைகளை வெளிமுகமைக்கு விட வழிசெய்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. பனியன் கம்பெனியில் நிரந்தர டெய்லர் போனதும் ஆள் எடுக்காமல் பவர் டேபிள் தையலைக் காண்ட்ராக்டரிடம் விடுவதைப் பார்த்துப் பழகிய ஊருக்கு இது புதிதல்ல. வேலை அப்படியே இருக்கிறது, பி.எஃப்., விடுப்பு, பணிப் பாதுகாப்பு எல்லாம் ஒப்பந்தக்காரரின் மனசைப் பொறுத்ததாகிவிடுகிறது. தெருவைக் கூட்டுகிறவரின் வயிற்றில் கைவைத்துக் கிடைப்பதைச் சேமிப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மிச்சமாவது மிஞ்சுகிறதா? அமெரிக்காவில் கார்ட்டர், ரீகன் காலத்து நியமனத் தடைகளை ஆராய்ந்த அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு, 1982இல் தந்த அறிக்கையில், ஊழியர் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, வேலைகள்தான் தடைபட்டன என்றது. அப்படியிருந்தும் 2025 ஜனவரியில் அங்கே மீண்டும் தடை வந்தது.

இங்கே சம்பளக் கணக்கில் குறைந்த தொகை ஒப்பந்தக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மாநகராட்சிக்கு விண்ணப்பம் போடுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, வெளிமுகமைக்கு ஆண்டுச் செலவு எவ்வளவு என்று மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.