பி.ஓ. ஃபைலைத் திறந்தாலே போதுமா?

திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல மெர்ச்சண்டைசரா இருக்கிற ஒருத்தருக்கு தினமும் பி.ஓ., டெக் பேக், பேக்கிங் லிஸ்ட்னு அட்டாச்மென்ட் வந்துட்டே இருக்கும். "தெரியாத ஆள் அனுப்பினதைத் திறக்காதீங்க"ன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? புது பையர்னாலே தெரியாத ஆள்தானே!

"மேக்ரோவை எனேபிள் பண்ணலைன்னா பிரச்சினை இல்லை"ன்னு நிறைய பேர் நம்புறாங்க. நான் உதாரணமா எடுத்துக்கிறது சி.வி.இ. 2017-11882.

வேர்டில் கணக்குச் சமன்பாடு எழுத 'எக்வேஷன் எடிட்டர்' என்று ஒரு குட்டி புரோகிராம் இருந்தது. 2000 நவம்பரில் கம்பைல் செய்த அதே ஃபைல், 17 வருஷம் ஆபீஸோடு கூடவே வந்தது. டாக்குமென்ட்டில் இருக்கும் ஃபான்ட் பெயரை அது மெமரியில் ஒரு சின்ன இடத்தில் காப்பி செய்யும். பெயர் எவ்வளவு நீளம் என்று பார்க்காது. வேண்டுமென்றே நீளமாகக் கொடுத்தால், அது வழிந்து பக்கத்து மெமரியில் ஏறும். அடுத்து எந்த கோட் ஓடணும் என்பதை ஃபைலை அனுப்பினவர் முடிவு செய்வார். மேக்ரோ கேள்வியே வராது. மேலே மஞ்சள் பட்டையில் வரும் 'எனேபிள் எடிட்டிங்'கை அழுத்தினாலே போதும்.

2017 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்தது; 2018 ஜனவரியில் அந்த எடிட்டரையே நீக்கியது. அதுக்கப்புறமும் ஏஜென்ட் டெஸ்லா, லோக்கிபாட் போன்ற பாஸ்வேர்ட் திருடும் மால்வேர்கள், போலி பி.ஓ., இன்வாய்ஸ் மெயில்கள் மூலமா இதே ஓட்டை வழியா நுழைஞ்சுது. காரணம், அப்டேட்டே ஆகாத ஆபீஸ் இன்னும் பல சிஸ்டத்துல ஓடுது.

மெயில் பாஸ்வேர்ட் போனா என்ன ஆகும்? திருடன் உங்க மெயிலை அமைதியா படிச்சிட்டு இருப்பான். ஷிப்மென்ட் கிளம்பினதும், "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு"ன்னு உங்க ஐடியில இருந்தே பையருக்கு எழுதுவான். சரக்கு போயிடும், பணம் வராது. சனிக்கிழமை சம்பளத்துக்கு என்ன பண்றது?

அதனால மூணு விஷயம். ஒண்ணு, ஆபீஸ் எந்த வெர்ஷன், அப்டேட் வருதான்னு இன்னைக்கே பாருங்க. 2016, 2019 ரெண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது. க்ராக் வெர்ஷன்னா அப்டேட்டை நிறுத்தி வெச்சிருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டு, படிக்க மட்டும்தான்னா 'எனேபிள் எடிட்டிங்' வேண்டாம். மூணு, பேங்க் டீடெய்ல் மாறினதா மெயில் வந்தா, ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கிற நம்பருக்கு போன் போட்டுக் கேளுங்க. உங்க பையரையும் அப்படியே செய்யச் சொல்லுங்க. பணம் போயிட்டா தாமதிக்காம பேங்குக்கும் 1930-க்கும் சொல்லுங்க.

இந்த எபிசோடை உங்க ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்ஷனுக்கு ஒரு ஃபார்வர்டு போட்டுடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்!