மாறாததை மறுபடி சோதிப்பானேன்?

இணையச் செயலி எழுதுபவர் ஒரு வரியைத் திருத்தியதும் அது சரியா தவறா என்று உடனே தெரிய வேண்டும். பதில் வர ஒரு நிமிடம் ஆனால் கவனம் சிதறிவிடும். எதற்காகத் திருத்தினோம் என்பதையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

மைக்ரோசாஃப்ட் 2012-இல் அறிமுகப்படுத்திய டைப்ஸ்கிரிப்ட் மொழியின் கம்பைலருக்கு, அதாவது நிரலைச் சோதித்து மாற்றித் தரும் கருவிக்கு, இந்தச் சிக்கல் நெடுநாள் இருந்தது. அதை மூடித் திறந்தால் பழையதெல்லாம் மறந்துபோய், எல்லா ஃபைல்களையும் முதலிலிருந்து சோதிக்கும். 2019 மார்ச்சில் வந்த 3.4 பதிப்பில் 'இன்கிரிமென்டல்' வசதி சேர்ந்தது. எந்த ஃபைல் எதைச் சார்ந்திருக்கிறது, ஒவ்வொன்றின் உள்ளடக்கத்துக்கும் உரிய அடையாளக் குறி என்ன என்பதையெல்லாம் கம்பைலர் ஒரு தனி ஃபைலில் எழுதி வைத்துவிடும். அடுத்த முறை அதோடு ஒப்பிட்டு, மாறியது எது என்று கண்டுகொள்ளும்.

மாறியதைக் கண்டுபிடிப்பது எளிது. அதனால் வேறு எவை பாதிக்கப்படும் என்பதுதான் கடினமான கேள்வி. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய 'மேக்' கருவி, ஃபைல் திருத்தப்பட்ட நேரத்தை மட்டுமே பார்த்தது. ஒரு குறிப்புரையைத் திருத்தினாலும் அதைச் சார்ந்தவை எல்லாம் மறுபடி கம்பைல் ஆகும். டைப்ஸ்கிரிப்ட் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. அந்த ஃபைல் வெளியே காட்டும் வகைகள் (எண், சொல் போன்றவை) மாறியிருக்கின்றனவா என்று பார்க்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு கடையின் தளத்தில் தள்ளுபடியைக் கணக்கிடும் ஃபங்ஷன் இருக்கிறது. நாற்பது ஃபைல்கள் அதை அழைக்கின்றன. உள்ளே 10 சதவீதத்தை 12 ஆக்கினால், திரும்பக் கிடைப்பது அப்போதும் எண்தான். ஆகவே அந்த ஒரு ஃபைலைச் சோதித்ததோடு வேலை முடிந்தது. மாறாக, தள்ளுபடி இல்லாதபோது 'இல்லை' என்ற சொல்லைத் திருப்பி அனுப்பும்படி மாற்றினால், எண்ணை எதிர்பார்த்த நாற்பதையும் சோதித்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் சோம்பினால் பிழை வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும். வேகத்தைவிட இந்த நாணயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கம்பைலரையே வேகமாக்கும் வழியும் உண்டு. டைப்ஸ்கிரிப்டை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க், அதன் கம்பைலரை கோ மொழிக்கு மாற்றும் பணியை 2025 மார்ச்சில் அறிவித்தார். விஎஸ் கோட் என்ற எடிட்டரின் 15 லட்சம் வரிகளைச் சோதிக்க 77.8 விநாடி ஆனது 7.5 விநாடியாகக் குறைந்தது. ஆனாலும் செய்யத் தேவையில்லாத வேலையைத் தவிர்ப்பதன் பயன் அதனால் குறையாது.

நீங்கள் டைப்ஸ்கிரிப்டில் எழுதுபவரானால், வெளியே தரும் ஃபங்ஷன்கள் எந்த வகையைத் திருப்பித் தரும் என்பதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். உள்ளே செய்யும் திருத்தம் தெரியாமல் வெளியே கசிவதை அது தடுக்கும், மறுசோதனையும் குறையும்.