நரை காணாப் புலவரும் நெடுந்தீவு ஆசிரியரும்

ஆண்டுகள் பல கழிந்தும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாதென வினவியோர்க்குப் பிசிராந்தையார் இறுத்த விடையே புறநானூற்றின் 191ஆம் செய்யுள். மனைவி மக்களின் மாண்பு, வேந்தனது முறை, ஊர்ச் சான்றோர் என்பவற்றோடு, தம் ஏவலாளரும் தாம் கருதியதையே கருதுவர் என்பதையும் புலவர் மறவாது சேர்த்தார். வகுப்பில் இதனை ஏவலரின் பணிவு என்று கூறிக் கடந்துவிடுதல் எம்போன்றார் வழக்கம். ஏவுவோன் உள்ளமும் ஏவப்படுவோன் உள்ளமும் ஒன்றிய இடத்திலன்றோ இருவர்க்குங் கவலை குறையும்! அவ்வொருமை அச்சத்தால் வருவதன்று.

எமது தீவுகளுட் புங்குடுதீவு வரை வீதி உண்டு. நெடுந்தீவு செல்வோர் குறிகட்டுவான் துறையிற் படகேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரங் கடலிற் செல்லல் வேண்டும். சோளகம் வீசுங் காலத்தில் அப்பயணம் வயிற்றையும் நெஞ்சையும் ஒருங்கே கலக்கும். 1985 மே 15ஆம் நாள் 'குமுதினி'ப் படகிற் சென்றோருள் 20க்கு மேற்பட்டோர் வெட்டுண்டு மாண்டதும் அக்கடலிலேதான்.

இவ்வாறு வந்து கரையேறும் ஆசிரியரை எதிர்கொள்வது யாது? யான் இளமையிலே தீவுப் பாடசாலை ஒன்றிற் பணியாற்றினேன். படகு பிந்திய நாளெல்லாம் வரவேட்டிற் சிவப்புக் கோடு எனக்கு முன்னரே வந்து காத்திருக்கும். நனைந்த உடையுடன் அதன் கீழ் ஒப்பமிடும்போது, காற்றுக்கும் அலைக்கும் யானே பொறுப்பாளி போலும் என்று உள்ளங் குன்றும். பின்வந்த அதிபர் செய்தது சிறிதே. முதற் பாடவேளையைத் தீவில் உறையும் ஆசிரியர்க்கு மாற்றினார்; படகில் வருவோர்க்குத் தேநீர் வைப்பித்தார். எழுதி வைத்திருந்த இடமாற்ற விண்ணப்பத்தை அத்தவணையிலேயே கிழித்தெறிந்தேன்.

மனச்சோர்வாலும் பதகளிப்பாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாள்கள் இழக்கப்படுகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அந்நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, ஊழியரைப் பொறுமை பயிலுமாறு கூறி அமையவில்லை. வேலை ஒழுங்கைத் திருத்துமாறும், மேலாளர்க்குப் பயிற்சி அளிக்குமாறும் கூறுகின்றது. பிசிராந்தையார்க்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

கஷ்டப் பிரதேசம் எனப் பெயரிட்டுக் கொடுப்பனவு வழங்குதல் வேண்டற்பாலதே. ஆயினும் அது விடுதிக் கிணற்றின் உவர் நீரை மாற்றாது. வீட்டில் நோய் என்ற செய்தி வந்தால், கடிதங் கேளாது முதற் படகில் அனுப்பிவைக்கும் மனத்தையும் தாராது. அண்மையில் என் மாணவி ஒருத்தி தீவுப் பாடசாலைக்கு நியமனம் பெற்று விடைகொள்ள வந்தாள். “ஐயா, அங்குள்ள அதிபர் எப்படிப்பட்டவர்?” என்பதே அவளது முதல் வினா. படகு புறப்படும் நேரத்தைப் பின்னரே கேட்டாள்.