ஒற்றெழுத்தும் இரசாயனப் பெயரும்

பெயர்களைப் பிழையின்றி எழுதுவதும் ஒலிப்பதும் மொழியாசிரியர்க்கு மட்டுமே உரிய கவலை எனப் பலர் எண்ணுவர். இரசாயனப் பொருள்களையும் மருந்துகளையும் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மைசூர் நகரின் ஆங்கிலப் பெயர், கன்னட ஒலிக்கு இசைய, மைசூரு என மாற்றி எழுதப்பெற்றது. அதனால் நகரம் மாறிவிடவில்லை. பழைய பெயரைச் சொல்லி வழி கேட்பவரும் அவ்வூருக்கே சென்று சேர்வர். இரசாயனப் பெயர் அத்தகையதன்று. அதில் ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடக்கூடும்.

இச்சிக்கலை ஆராய்வதற்கு மைசூரே ஏற்ற இடம். மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950ஆம் ஆண்டில் இந்நகரில் திறக்கப்பெற்றது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இல் இங்கு அமைந்தது. உயர்கல்வி நூல்களை இந்திய மொழிகளில் பெயர்க்கும் பொருட்டு 2008இல் தொடங்கப்பெற்ற தேசிய மொழிபெயர்ப்புத் திட்டமும் அந்நிறுவனத்தைச் சார்ந்ததே. ஒரே விஞ்ஞான நூல் கன்னடத்திலும் தமிழிலும் பெயர்க்கப்படும்போது இருமொழிகளின் எழுத்து முறைகளுக்கிடையே உள்ள வேற்றுமை வெளிப்படுகிறது. கன்னடத்தில் வன்மையாக ஒலிக்கும் டகரத்திற்கு ஓர் எழுத்தும் மென்மையாக ஒலிக்கும் டகரத்திற்கு வேறோர் எழுத்தும் உள்ளன. தமிழில் இரண்டிற்கும் எழுத்து ஒன்றே.

எனினும் தமிழ் இவ்வேற்றுமையைக் காட்ட இயலாத மொழி அன்று. உயிரொலிகளுக்கு இடையே தனித்து நிற்கும் டகரம் மென்மையாகவும், இரட்டித்து நிற்பது வன்மையாகவும் ஒலிக்கும். 'ஓடு' என்பதற்கும் 'ஓட்டு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொடக்கப்பள்ளி மாணாக்கரும் அறிவர். இந்த இயல்பான விதியே இரசாயனப் பெயர்களிலும் பயன்படுகிறது. குளோரைடு, குளோரைட்டு, சல்பைடு, சல்பைட்டு, நைட்ரைடு, நைட்ரைட்டு ஆகிய இணைகளில் வேறுபாடு ஓர் ஒற்றெழுத்தே. ஆனால் அவ்வொற்று குறிப்பது சிறிய செய்தியன்று. 'டு' என முடியும் குளோரைடிலும் சல்பைடிலும் ஆக்சிஜன் இல்லை. 'ட்டு' என முடியும் குளோரைட்டிலும் சல்பைட்டிலும், சல்பேட்டு, நைட்ரேட்டு ஆகியவற்றிலும் ஆக்சிஜன் உண்டு. ஆக்சைடு, ஹைட்ராக்சைடு முதலியன மட்டும் இவ்விதிக்கு விலக்கு; அவை ஆக்சிஜனைத் தம் பெயரிலேயே கொண்டுள்ளன.

இதன் பயனை நடைமுறையில் காண்போம். பழரசங்களைக் கெடாமல் காப்பதற்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டைச் சிறிதளவு சேர்ப்பது வழக்கம். பழத்தின் புளிப்பில் அது சல்பர் டை ஆக்சைடை வெளிவிட்டுப் பூஞ்சைகளை அடக்குகிறது. சோடியம் சல்பைடோ தோல் பதனிடும் தொழிலில் உரோமத்தை நீக்குவதற்கு உதவுவது. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயுவை எழுப்புவது. சல்பைட்டு என்று எழுத வேண்டிய இடத்தில் சல்பைடு என்று எழுதினால், உணவைக் காக்கும் பொருளின் இடத்தில் நச்சுப் பொருளின் பெயர் நின்றுவிடும். அச்சுப் பிழை என்று கூறி இதனை ஒதுக்கிவிட முடியாது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களைப் படிப்போர் மற்றொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். அங்கு மென்மையான ஒலிக்கு 'ட்டு' என்றும் வன்மையான ஒலிக்கு 'ற்று' என்றும் எழுதும் மரபு உண்டு. ஒட்சைட்டு, ஐதரொட்சைட்டு, சல்பேற்று, காபனேற்று என்பன அம்மரபில் வருவன. அதன்படி சோடியம் குளோரைட்டு என்பது நாம் உண்ணும் உப்பே. தமிழ்நாட்டு மரபிலோ அதே பெயர், துணியையும் காகிதக் கூழையும் வெளுக்கப் பயன்படும் வலிய ஆக்சிஜனேற்றியைக் குறிக்கும். இரு மரபுகளும் தம்மளவில் ஒழுங்குடையவை. ஒன்றைக் குறை கூறுவதற்கு இடமில்லை. இரண்டையும் ஒரே ஏட்டில் கலந்து எழுதுவதே தீங்கானது.

இத்தகைய பெயர்களைத் தமிழில் எவ்வாறு அமைப்பது என்ற வினா புதியதன்று. யாழ்ப்பாணத்தில் மருத்துவக் கல்வியைத் தமிழில் வளர்த்த டாக்டர் கிறீனின் முயற்சியால் 1875இல் வெளிவந்த இரசாயன நூல் 'கெமிஸ்தம்' என்னும் பெயரையே தாங்கியிருந்தது. 1916இல் சேலத்தில் இராஜகோபாலாச்சாரியார் முதலியோர் விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் கண்டனர். 1961இல் மத்திய அரசு அமைத்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம், தனிமங்கள், சேர்மங்கள் முதலியவற்றின் சர்வதேசப் பெயர்களை இயன்றவரை அவ்வாறே கொண்டு, அந்தந்த மொழியின் எழுத்தில் எழுதலாம் என்ற நெறியை வகுத்தது. பெயரை ஏற்றபின் எஞ்சும் வினா எழுத்து முறையே.

இவ்விவாதத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜனா, ஐதரசனா எனக் கிரந்த எழுத்துகளைப் பற்றியே எழுகிறது. இவ்விரண்டில் எதனை எழுதினும் வேறொரு பொருளுடன் மயக்கம் நேராது. சந்தன எண்ணெயின் முதன்மைக் கூறும் அவ்வாறே. அதனைச் சாண்டலால் என்றாலும் சந்தலால் என்றாலும் மைசூர்ச் சந்தனத்தின் மணப்பொருளே நினைவுக்கு வரும். அப்பெயரும் சந்தனம் என்னும் சொல்லும் ஒரு வேரின. சல்பரின் ஆங்கில எழுத்தைப் பற்றி நெடுநாள் நிலவிய கருத்து வேறுபாட்டில், பி-எச் என்னும் ஈரெழுத்தை விடுத்து எஃப் என்னும் ஓரெழுத்தையே சர்வதேச இரசாயன ஒன்றியம் 1990இல் ஏற்றது. தமிழில் இரண்டும் சல்பரே. இத்தகைய இடங்களில் ஒருசீர்மை இருந்தால் போதும். இரு பொருள்கள் மயங்கும் இடத்திலேதான் கண்டிப்பு இன்றியமையாதது. மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் இடையே உள்ளது ஒரு மகர ஒலியே. ஆனால் மெத்தனாலை அருந்தியவர் பார்வையையோ உயிரையோ இழக்க நேரிடும்.

மருந்துகளில் இம்மயக்கம் மேலும் நுண்ணியது. உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் மருந்துகளுக்குச் சர்வதேசப் பொதுப்பெயர்களை வெளியிட்டு வருகிறது. பெயரின் ஒரு பகுதி மருந்தின் இனத்தை உணர்த்தும். ஆம்பிசிலின், அமாக்சிசிலின் என்பவற்றின் ஈற்றில் வரும் 'சிலின்' பெனிசிலின் இனத்தின் அடையாளம். அவ்வினம் ஒவ்வாத நோயாளிக்கு அவ்வீறே எச்சரிக்கை. பெனிசிலமைன் அவ்வினத்து நோய்க்கிருமிக்கொல்லி அன்று. உடலில் மிகுந்துவிட்ட செம்பை வெளியேற்றுவது. குளோர்புரோமசின் மனநோய்க்கும், குளோர்புரோபமைடு நீரிழிவுக்கும் உரியவை. இப்பெயர்கள் மயங்காதிருக்க, வேறுபடும் பகுதியைப் பெரிய எழுத்தில் அச்சிடும் முறையை அமெரிக்க மருந்து நிர்வாகத்தினர் 2001இல் பரிந்துரைத்தனர். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு தமிழில் இல்லை. ஆதலின் அவ்வுபாயத்தை நாம் அப்படியே கைக்கொள்ள இயலாது. பெயரை முழுமையாக எழுதுவதும் அதன் பயனையும் உடன் குறிப்பதுமே நமக்கு உற்ற வழி.

களப்பணியாளரும் ஆசிரியரும் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. குப்பியின் மீதும் இருப்புப் பதிவேட்டிலும் பெயரைச் சுருக்காது எழுதுக. தமிழ்ப் பெயருடன், உறையில் உள்ள ஆங்கிலப் பெயரையும் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுக.

2. ஒரு நூலில் அல்லது பதிவேட்டில் ஒரே எழுத்து மரபைப் பின்பற்றுக. இலங்கை நூலிலிருந்து எடுக்கும் பெயரை நம் மரபுக்கு மாற்றிய பின்னரே சேர்க்க.

3. தொலைபேசியில் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதினால், அதைத் திருப்பிப் படித்துக் காட்டுக. எந்நோய்க்கு உரியது என்றும் வினவுக.

4. சல்பைடு, சல்பைட்டு போன்ற இணைகளை வகுப்பில் உரக்கப் படிக்கச் செய்க. 'ஓடு, ஓட்டு' என்பதை எடுத்துக்காட்டினால் மாணாக்கர் எளிதில் பற்றிக்கொள்வர்.

புதிய எழுத்தை உண்டாக்கினாலன்றித் தமிழில் இரசாயனம் எழுத இயலாது என்று கருத வேண்டுவதில்லை. இரட்டிக்கும் இடத்தில் இரட்டித்து எழுதும் பழைய விதியை வழுவாது போற்றினால் பெரும்பாலான மயக்கங்கள் நீங்கும். சோதனைச்சாலை அலமாரியிலும் சுகாதார நிலையத்து மருந்துப் பெட்டியிலும் உள்ள பெயர்ச்சீட்டுகளை இவ்வாரமே ஒருமுறை படித்துப் பார்த்து, ஒற்று விடுபட்டவற்றைத் திருத்தி வைப்பது இப்பணியின் தொடக்கமாக அமையட்டும்.