ஒரு நிமிஷ ஒலியில் அடங்கும் குமட்டல்!

பிரயாணம் என்றாலே சிலருக்குப் பயம். நெருங்கிய உறவினர் வீட்டுக் கலியாணமாக இருக்கும். போக ஆசையும் இருக்கும். ஆனால், பஸ்ஸில் ஏறவேண்டுமே! வண்டி நாலு வளைவு திரும்புவதற்குள் முகம் வெளுத்துவிடும். வாயில் நீர் ஊறும். நெற்றி வியர்க்கும். வயிற்றைப் புரட்டும். அதற்குப் பிறகு கலியாணச் சாப்பாடு எங்கே ருசிக்கும்?

எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே ஊர் போய்ச் சேருகிறவர்கள் உண்டு. மாத்திரை விழுங்குகிறவர்கள் உண்டு. காதால் ஓர் ஒலியைக் கேட்டே இந்தத் தொல்லையைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் ஜப்பானிய விஞ்ஞானிகள். அதுவும் ஒரே ஒரு நிமிஷம் கேட்டால் போதுமாம்!

காதுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?

காது கேட்பதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல. நாம் விழாமல் நிற்பதும் நடப்பதும் அதன் தயவால்தான். உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்புவதை இவை உணர்கின்றன. அவற்றை அடுத்து இரண்டு சிறு பைகள். பைக்குள் கூழ் போன்ற ஒரு படலம். அதன்மேல் சுண்ணாம்புச் சத்தால் ஆன நுண்மணிகள். வண்டி கிளம்பினாலும் நின்றாலும் மணிகள் சற்றே நகரும். அடியிலுள்ள மெல்லிய உணர்வு மயிர்கள் வளையும். உடனே, ‘உடல் நகருகிறது’ என்று மூளைக்குச் செய்தி பறக்கும்.

ஓடும் காரில் ஒருவர் புத்தகம் படிக்கிறார். எழுத்துக்கள் அசையாமல் இருப்பதால், ‘ஒன்றும் நகரவில்லை’ என்கிறது கண். ‘ஆடுகிறது, குலுங்குகிறது’ என்கிறது காது. இரண்டு சாட்சிகளும் மாறி மாறிச் சொன்னால் நீதிபதி என்ன செய்வார்? மூளை குழம்புகிறது. அந்தக் குழப்பம்தான் குமட்டலாக முடிகிறது என்பது பெரும்பாலான நிபுணர்களின் கருத்து. அடுத்த வளைவு எங்கே வரும் என்று முன்பே அறிந்த டிரைவருக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை வருவதில்லை.

காதுக்கும் கிறுகிறுப்புக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1882-லேயே எடுத்துக் காட்டினார். காது கேளாத 519 பேரைச் சுழலச் செய்து பார்த்ததில், 186 பேருக்குத் தலை சுற்றவே இல்லை! உட்காதின் சமநிலை உறுப்பும் கெட்டிருந்தால் கிறுகிறுப்பும் வராது என்பது இதிலிருந்து புலனாயிற்று.

மாத்திரை பிறந்த கதை

1947-ல் அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், உடலில் தடிப்பு என்று வந்த ஒரு பெண்ணுக்குப் புது மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். டிராம் வண்டியில் ஏறினாலே அவளுக்குக் குமட்டும். மருந்து சாப்பிட்ட நாட்களில் அந்தக் குமட்டலைக் காணோம்! பிறகு கப்பலில் சென்ற போர்வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் பலன் கிடைத்தது. அதுதான் ‘டிராமமைன்’.

ஆனால், இத்தகைய மாத்திரை தூக்கத்தையும் கூடவே அழைத்து வருகிறது. பரீட்சை எழுதப் போகிற மாணவனுக்கும், போய் இறங்கியதும் வேலையில் ஈடுபட வேண்டியவருக்கும் அது பெரிய இடைஞ்சல். தூக்கம் வராத வைத்தியம் வேண்டும் என்று பலர் தேடுவது இதனால்தான்.

டிரான்ஸ்பார்மர் முனகுவது போல...

ஜப்பானின் நகோயா பல்கலைக் கழகத்தில் மசாஷி காட்டோ, தகுமி ககாவா ஆகியோரின் குழுவினர் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2025-ல் வெளிவந்தது. விநாடிக்கு 100 அதிர்வுகள் கொண்ட தணிந்த ஒலியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தெருமுனை டிரான்ஸ்பார்மர் ‘ம்ம்ம்’ என்று முனகுகிறதே, ஏறக்குறைய அதே சுருதி!

முதலில் எலிகளிடம் சோதனை நடந்தது. பிறகு மனிதர்கள் ஊஞ்சலிலும், கார் ஓட்டுவது போன்ற பாவனை யந்திரத்திலும், நிஜக் காரிலும் அமர்ந்தார்கள். ஒரு நிமிஷம் அந்த ஒலியைக் கேட்டவர்களுக்குத் தள்ளாட்டமும் குமட்டலும் குறைந்தன. அவர்கள் வாயால் சொன்னதோடு விடவில்லை. நிற்கும் நிலையை அளந்தார்கள். இதயத் துடிப்பையும் பதிவு செய்தார்கள். அவையும் அதையே காட்டின. அந்த அதிர்வு உட்காதின் நுண்மணிப் பைகளைத் தூண்டிச் சமநிலை உணர்வைச் சீராக்குகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். குற்றம் சாட்டப்பட்ட காதே வைத்தியராகவும் மாறுகிறது!

அவசரம் வேண்டாம்

ஒலியின் அளவும் அன்றாட வாழ்வில் காதில் விழும் அளவுதான். எனவே, காதில் செருகிக்கொள்ளும் சின்னஞ்சிறு ‘இயர்பட்’ மூலமே பலன் பெறலாம் என்ற நம்பிக்கை பிறந்திருக்கிறது. ஆயினும், இது இன்னும் எல்லோருக்கும் ஏற்ற வைத்தியமாகிவிடவில்லை. ஆகாய விமானத்துக்கும் கப்பலுக்கும் ஏற்றபடி இதை வளர்க்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்களே கூறுகிறார்கள். ‘பலமாக வைத்தால் சீக்கிரம் குணமாகும்’ என்று எண்ணிச் சத்தத்தைக் கூட்டுவது ஆபத்து, செவிதான் கெடும். காதில் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் செய்யலாகாது.

அதுவரை பழைய வழிகள் இருக்கவே இருக்கின்றன. முன் ஆசனத்தில் உட்காருங்கள். தொலைவிலுள்ள தொடுவானத்தைப் பாருங்கள். புத்தகத்தையும் செல்போனையும் மூடி வையுங்கள். கண்ணும் காதும் ஒரே சாட்சி சொன்னால், வயிறு வம்புக்கு வராது!