வானுக்கு லைட் மாற்றிய கதை

வாகனம் ஓட்டும் சகோதரிகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஓட்டாதவர்களும் வாசிக்கலாம். உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ நிற்கும். அதில் இரவில் போய் வருபவர் உங்கள் பிள்ளையாகவோ கணவராகவோ இருப்பார்.

என் கணவருக்குச் சிறுநீரக நோய். மாதத்தில் இரண்டு தடவை பொலன்னறுவைக்குக் கிளினிக் கொண்டுபோக வேண்டும். வாழைச்சேனையிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டால்தான் நேரத்தோடு நம்பர் எடுக்கலாம். முன்பெல்லாம் அவர் ஓட்ட நான் பக்கத்தில் இருந்து தூங்கிப் போவேன். இப்போது நான் ஓட்டுகிறேன், அவர் தூங்காமல் பாதையைப் பார்த்துக்கொண்டு வருகிறார். பகலில் அதே வானில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். எங்கள் சீவியம் அந்தப் பழைய ஜப்பான் வானில்தான் ஓடுகிறது.

புணானை, வெலிக்கந்தைப் பக்கம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரவில் யானை பாதையைக் கடக்கும். யானையை விட மாடுதான் கூடப் பயம். பகல் வெயில் குடித்த தார் இரவிலும் சூடாக இருப்பதால் நடு றோட்டில் படுத்து அசைபோடும். கறுப்பு மாடு, கறுப்புத் தார்.

என் வானின் வெளிச்சம் வரவர மங்கிக்கொண்டு வந்தது. எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டதால் கண்தான் மங்குகிறது என்று முதலில் நினைத்தேன். அதிலும் உண்மை இல்லாமலில்லை. இருபது வயதுப் பிள்ளையின் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் கண்ணுக்குள் போகிறது என்று கண்ணைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் கண்ணை மாற்ற முடியாது, பல்பை மாற்றலாம் அல்லவா? மகனைக் கூட்டிக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். (கடைக்காரர் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் மகனைப் பார்த்தே பதில் சொன்னார். வானை ஓட்டுவது நான், காசு கொடுப்பதும் நான். அது வேறு கதை.)

“அக்கா, இதப் போடுங்க. 5000 கெல்வின். ராவு பகலாத் தெரியும்” என்று நீலக் கண்ணாடி பல்ப் இரண்டு தந்தார். சாதாரண பல்பை விட மூன்று மடங்கு விலை. கடைச் சுவரில் அடித்துக் காட்டியபோது உண்மையிலேயே பால் போல வெள்ளையாக இருந்தது. மகனுக்கும் வாயெல்லாம் பல். புது வாகனம் மாதிரி இருக்கிறதாம்.

2023 டிசம்பரில், நல்ல மழையில், வெலிக்கந்தைக்கு இந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். வானுக்கு முன்னால் பத்தடி தூரம் வெள்ளையாக மின்னியது. அதற்கப்பால் றோட்டு எங்கே, கரை எங்கே என்று எதுவும் தெரியவில்லை. நனைந்த தார் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை அப்படியே முன்னுக்கு அனுப்பிவிடும், நம் கண்ணுக்குத் திரும்பி வராது. “புள்ள, மாடு!” என்று அவர் கத்தினார். நான் பிறேக்கை மிதித்த மிதியில் வான் சறுக்கிக் கரைக்கு இறங்கி நின்றது. மாடு எழும்பவுமில்லை. எங்கள் இருவருக்கும் கை நடுக்கம் நிற்க அரை மணித்தியாலம் ஆனது. அன்று பின் சீற்றில் பிள்ளைகள் இருக்கவில்லை என்பதை நினைக்கும்போது இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அதற்குப் பிறகுதான், வாகன மின்வேலையிலேயே தலை நரைத்துப்போன ஒரு மாமாவிடம் வானைக் கொண்டுபோனேன். பல்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “மகள், இது காட்சிக்குப் போடுற பல்பு, றோட்டுக்கு இல்ல” என்றார்.

அவர் சொல்லித் தந்ததையும் நான் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கெல்வின் என்பது வெளிச்சத்தின் அளவல்ல, அதன் நிறத்தின் அளவு. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, இன்னும் சூடேறினால் வெளுக்கும் அல்லவா? அந்தக் கணக்குத்தான். சாதாரண ஹலஜன் பல்பின் ஒளி 3200 கெல்வின் அளவில் இளமஞ்சளாக இருக்கும். நடுப்பகல் வெயில் 5500 அளவில் இருக்கும். பல்புக்குள் இருக்கும் தங்குதன் கம்பியை அவ்வளவுக்குச் சூடாக்கினால் அது உருகிவிடும். ஆகவே கண்ணாடிக்கு நீலப் பூச்சுப் பூசி, மஞ்சளையும் சிவப்பையும் தடுத்து, மிச்சத்தை மட்டும் வெளியே விடுகிறார்கள். வெள்ளையாகத் தெரிவது வெளிச்சம் கூடியதால் அல்ல, அதில் ஒரு பகுதி வடிகட்டப்பட்டதால். அந்த நட்டத்தை ஈடுசெய்ய உள்ளே கம்பியைக் கூடுதலாகச் சூடாக்குவார்கள். அதனால் பல்பின் ஆயுள் குறையும். கூடக் காசு கொடுத்து, குறைந்த வெளிச்சமும் குறைந்த ஆயுளும் வாங்கியிருந்தேன். எதிரே வருபவருக்கோ நீலம் கலந்த ஒளிதான் கூடக் கூசும்.

என் வானுக்குப் போடுவது எச்4 என்ற வகை. 1971இல் வந்தது, இன்றும் ஏராளமான வாகனங்களில் இருக்கிறது. ஒரே பல்புக்குள் இரண்டு கம்பிகள்: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். ஐரோப்பிய ஒழுங்குவிதிப்படி 13.2 வோல்ட் மின்னழுத்தத்தில் பிரைட்டுக்கு 1650 லூமன், டிம்முக்கு 1000 லூமன், கூடினாலும் குறைந்தாலும் நூற்றுக்குப் பதினைந்துக்குள். லூமன்தான் உண்மையான வெளிச்சக் கணக்கு. டிம் கம்பிக்குக் கீழே கரண்டி போல ஒரு சின்னத் தகடு இருக்கும். எதிரே வருபவரின் கண்ணில் வெளிச்சம் அடிக்காமல் தடுப்பது அதுதான். மலிவான பல்பில் கம்பி ஒரு மில்லிமீற்றர் தள்ளி இருந்தாலே வெளிச்சம் றோட்டை விட்டு மரக்கிளைக்குப் போய்விடும்.

அப்படியானால் பெட்டியில் “நூறு வீதம் கூடுதல்” என்று போட்டிருப்பது பொய்யா? முழுப் பொய்யுமல்ல. நல்ல கம்பனிகளின் அத்தகைய பல்புகளில் கம்பி நெருக்கமாகவும் சரியான இடத்திலும் சுற்றப்பட்டிருக்கும்; நீலப் பூச்சும் ஓரத்தில் ஒரு பட்டி மட்டுமே. றோட்டில் சில இடங்களில், அதுவும் சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த அளவோடு ஒப்பிடும்போதுதான் அந்த நூறு வீதம். மொத்த வெளிச்சம் இரட்டிப்பாவதில்லை. ஆயுளும் குறைவு. இரவில் எப்போதாவது தூரம் போகிறவருக்கு அது நல்ல தெரிவுதான். தினமும் லைட் போட்டு ஓடுபவருக்குக் கட்டுப்படியாகாது. எதை வாங்கினாலும், வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் இலக்கமும் பல்பில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒழுங்குவிதிப்படி சோதித்து அனுமதித்த அடையாளம் அது.

“100க்கு 90 வாட் போட்டால் என்ன மாமா?” என்று கேட்டேன். அவர் அலுமாரியிலிருந்து ஒரு ஹோல்டரை எடுத்துக் காட்டினார். வெல்லப்பாகு மாதிரி உருகிப்போய்க் கிடந்தது. பழைய வயருக்கு அந்தச் சூடு தாங்காது, தீயும் பிடிக்கலாம். எல்இடி பற்றியும் கேட்டேன். ஹலஜன் கம்பிக்கென்று வளைத்த குழிக்குள் எல்இடியைச் செருகினால் ஒளி பிறக்கும் இடம் மாறிவிடும், எதிரே வருபவன் குருடாவான் என்றார். ஜெர்மனியில் 2020இலிருந்து சில எல்இடி பல்புகளுக்கு அனுமதி இருக்கிறது. அதுவும் சோதித்துப் பட்டியலிட்ட வாகனங்களுக்கு மட்டும்தான்.

பிறகு ஒரு வேலை செய்தார். என்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பற்றரியில் மீற்றரை வைத்தார்: 14.1 வோல்ட். பல்பின் செருகியில் வைத்தார்: 12.3. கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் வழியிலேயே, கறள் பிடித்த இணைப்புகளிலும் பழைய சுவிச்சிலும் தொலைந்துபோயிருந்தது. இரண்டு வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். ஹலஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் பல மடங்கு வேகத்தில் குறையும். அந்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வெளிச்சத்தை நான் இழந்துகொண்டிருந்திருக்கிறேன். எந்த விலைக்குப் பல்ப் வாங்கியிருந்தாலும் அது திரும்பி வந்திருக்காது.

பற்றரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, நடுவில் பியூசும் றிலேயும் போட்டுத் தந்தார். பழைய சுவிச் இப்போது றிலேயை இயக்குவதற்கு மட்டும்தான். பல்பில் 13.7 வோல்ட் வந்தது. பல்ப் சாதாரண 60/55, தெளிந்த கண்ணாடி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றினோம்; ஒன்று பழசு ஒன்று புதுசு என்றால் வெளிச்சம் ஒத்துவராது.

வெயிலில் மஞ்சளித்துப் போயிருந்த முன் பிளாஸ்ரிக்கை வீட்டிலேயே நான் தேய்த்தேன். 1000 நம்பர் தண்ணீர்த்தாள், பிறகு 2000, கடைசியில் பொலிஷ். சிறுவயதில் பொழுதுபட முன்னர் அரிக்கன் லாம்பின் சிமினியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது என் வேலை. துடைக்காவிட்டால் அம்மா பேசுவா. எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் புகை பிடித்த சிமினிக்குள்ளால் வெளிச்சம் வராது என்று தெரிந்திருந்தும், வானின் சிமினியை இத்தனை வருடம் நான் துடைக்கவில்லையே!

பல்பை மாற்றுவதும் இப்போது என் கைவேலைதான். பின்னால் இருக்கும் செருகியை இழுத்து, றப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கொளுக்கியைத் தள்ளினால் பல்ப் கையோடு வரும். சூடாறிய பிறகு கழற்றுங்கள். புதிய பல்பின் கண்ணாடியில் விரல் படவே கூடாது. கையிலுள்ள எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடாகிக் கண்ணாடி பழுதாகும். தவறிப் பட்டால் ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். பல்பின் அடித்தட்டில் மூன்று காதுகள் இருக்கும். அவை குழியில் ஒரே விதமாகத்தான் இருக்கும், வலிந்து தள்ள வேண்டாம்.

கடைசியாக மட்டம் பார்த்தோம். பள்ளிக்கூட மதிலுக்கு 10 மீற்றர் தள்ளி, சமதரையில் வானை நிறுத்தி, டிம் லைட் போட்டோம். வெளிச்சத்தின் மேல்விளிம்பு லைட்டின் உயரத்தை விட 10 சென்ரிமீற்றராவது கீழே விழ வேண்டும். என் வானில் மேலே ஏறி இருந்தது. பின்னால் பாரம் ஏற்றினால் இன்னும் மேலே போகும். ஸ்ரேறிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னத் திருகி இருப்பதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன், எதற்கென்று தெரியாது. ஆட்கள் நிறைய ஏறும்போது லைட்டைத் தாழ்த்துவதற்காம்!

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நனைந்த றோட்டில் மாட்டைக் கண்டு, மூளைக்கு எட்டி, பிறேக் பிடித்து வான் நிற்க ஏறக்குறைய 50 மீற்றர் வேண்டும். டிம் லைட் காட்டும் தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் நல்ல வெளிச்சம் வந்த பிறகும் மழை நாளில் நான் 40ஐத் தாண்டுவதில்லை. மகனுக்கு எரிச்சல். அவனுக்கு இன்னமும் அந்த வெள்ளை வெளிச்சத்தில்தான் ஆசை.

போன கிளினிக்குக்குப் போகும்போது புணானையில் கரையோரமாக ஒரு மாடும் கன்றும் படுத்திருந்தன. தூரத்திலேயே இரண்டையும் கண்டு வேகத்தைக் குறைத்தேன். திரும்பிப் பார்த்தேன், அவர் நல்ல நித்திரை.