வேலை கேட்டால் மனத்தை அளக்கலாமா?

வேலைக்கு வருபவரின் இயல்பைக் கேள்விகளால் கணிப்பது ஆளுமைத் தேர்வு. ‘புதியவர்களிடம் தயங்காமல் பேசுவேன்’, ‘சின்ன விஷயத்துக்கும் கலங்கிவிடுவேன்’ போன்ற வாக்கியங்களுக்கு ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். புதுச்சேரியில் வில்லியனூர் கொம்யூனின் சேதராப்பட்டிலோ, பாகூர் கொம்யூனின் கிருமாம்பாக்கத்திலோ தொழிற்பேட்டை வேலைக்கு விண்ணப்பிப்பவரின் செல்போனுக்கும் இது ஒரு லிங்க்காக வந்து சேரலாம்.

இத்தேர்வுகள் எல்லாமே நம்பத்தக்கவை அல்ல. மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை உருவாக்கிய அமெரிக்கத் தாயும் மகளும் முறையாக உளவியல் பயின்றவர்கள் அல்லர். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வகையே மாறிவிடுகிறது. ஆளெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. 1943-இல் வெளியான மின்னசோட்டா தேர்வோ மனநோயைக் கண்டறிய எழுந்தது. பதவி உயர்வுக்கு அதை வைத்த ஒரு நிறுவனத்தின் வழக்கில், அது மருத்துவப் பரிசோதனையே என்று 2005-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கிராமத்து இளைஞருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து மொழி. தமிழ்வழியில் படித்தவர் ஆங்கிலக் கேள்வியில் ஒரு ‘நாட்’டைக் கவனிக்கத் தவறினால் பதில் தலைகீழாகிறது. அங்கே அளக்கப்படுவது ஆங்கிலம்; ஆனால் மதிப்பெண் விழுவதோ குணத்துக்கு. இது அநீதி.

ஆளுமைத் தேர்வுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் உண்டு. அதைக் காட்டித் தகுந்த காரணமின்றி ஒருவரை ஒதுக்கினால் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். 2023-இன் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் வாசகத்தைத் தமிழிலும் படிக்க வழி தருகிறது. தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

அதுவரை கையிலிருக்கும் ஆயுதம் எழுத்து. தேர்வின் பெயர் என்ன, இந்த வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு, முடிவை யார் பார்ப்பார்கள், தமிழில் எழுதலாமா என்று ஹெச்.ஆருக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துவது நல்லது. நோய், மதம், சாதி, குடும்பம் பற்றிய கேள்வி வந்தால் திரையைப் படமெடுத்து வைக்க வேண்டும். வழக்கு வரை போக நேர்ந்தால் பெண்கள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் சட்ட உதவி இலவசம். அதற்கான தேசிய உதவி எண் 15100.